பூப்பந்து மண்டபத்தில் இரண்டாம் ஆள்

பெயர்ப் பலகையை மாட்டியபோது கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சேதுராமன். பலகையில் இருந்த பெயர் இராமலிங்கம். ஒரு மனுஷனுக்கு இதைவிட வேறென்ன அவமானம் வேண்டும், சொல்லுங்கள்? ஏணியை லேசாக ஓர் ஆட்டு ஆட்டினால் என்ன என்று அந்த நிமிஷம் அவருக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் ஏணியின் உச்சியில் நின்றது தச்சன், இராமலிங்கம் அல்ல. அதனால் விட்டுவிட்டார்.

அது 1957-ஆம் வருஷம், செப்டம்பர் மாதம். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. மலாக்காவில், காஜா பேராங் சாலையோரம் காலியாகக் கிடந்த ஒரு பழைய ரப்பர் கிட்டங்கியைக் கழுவித் துடைத்து, பலகைத் தரை போட்டு, ஊர் மக்களுக்கென்று ஒரு பொழுதுபோக்கு மண்டபம் திறந்திருந்தார்கள். பூப்பந்து ஆட இரண்டு தளம், ஒரு மேசைப்பந்து, நாலு கேரம் பலகை, ஒரு வானொலிப் பெட்டி, பத்திரிகை படிக்க ஒரு மூலை. அந்தக் காலத்தில் இந்த ஊருக்குப் பூப்பந்துப் பைத்தியம் பிடித்திருந்தது. சந்துக்குச் சந்து இரண்டு கம்பை நட்டு, நடுவில் கயிற்றைக் கட்டி, காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு போகப் போகத் துரத்தி ஆடிக்கொண்டிருந்தவர்கள் நம் ஜனங்கள். அவர்களுக்குத் தலைக்கு மேல் கூரையோடு ஒரு மண்டபம் கிடைத்தது என்றால் விடுவார்களா?

மண்டபத்தை நடத்தியது ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்த ஒரு குழு. அதற்குச் செயலாளர் பொன்னுதுரை, ஜாலான் பெண்டஹாரா என்ற கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர். மேனேஜருக்குச் சம்பளம் கொடுக்க நகராட்சி ஒப்புக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு. ஜனவரி மாதம் அதிகாரி வந்து பார்ப்பார். மண்டபம் நன்றாக நடந்தால் மேனேஜருக்கு வேலை நிரந்தரம். நடக்காவிட்டால் அடுத்த ஆளுக்கு நாற்காலி. அந்த அடுத்த ஆள்தான் நம் சேதுராமன், உதவி மேனேஜர்.

உதவியாம் உதவி! சேதுராமனின் அப்பா செட்டிநாட்டிலிருந்து வந்து, செட்டியார் ஒருவரின் கிட்டங்கியில் சமையல் செய்தவர். சேதுராமன் பதினேழு வயதில் வெள்ளைக்காரர்களின் கிளப் ஒன்றில் சேர்ந்தார். பில்லியர்ட்ஸ் மேசைக்குப் பக்கத்தில் நின்று எண்ணிக்கை சொல்கிற வேலை. அப்புறம் டென்னிஸ் வலை, அப்புறம் மதுக்கூடத்துச் சாவி, அப்புறம் எல்லாச் சாவியும். இருபத்துநாலு வருஷம் அந்தக் கிளப்பை நடத்தியது அவர்தான். நடத்தியதாகப் பெயர் மட்டும் ஒரு துரைக்கு. சுதந்திரம் வரப்போகிறது என்றதுமே துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள், கிளப் வெறிச்சோடியது. இந்த மண்டபத்துக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும், 'இந்த ஊரில் இந்தத் தொழில் தெரிந்தவன் என்னை விட்டால் யார்?' என்று விண்ணப்பம் போட்டார். போட்ட அன்றைக்கே மனைவி வடிவாம்பாளிடம் சொல்லி இரண்டு வெள்ளைக் கால்சட்டையும் தைக்கக் கொடுத்துவிட்டார்.

வேலை யாருக்குப் போனது? கம்போங் செட்டியில் குடியிருக்கும் இராமலிங்கத்துக்கு. இருபத்தாறு வயது. பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதித்துக்கொண்டிருந்தவன்.

"பேரு இராமலிங்கம். நெத்தியில பட்டை. கோயில்ல முன்னால நிக்கிறான். வாயைத் தொறந்தா ஒரு வார்த்தை தமிழ் உண்டா?" என்று வடிவாம்பாளிடம் பொருமினார் சேதுராமன். அவர் சொன்னது பொய்யில்லை. மலாக்காச் செட்டிகள் வட்டிக்கடைச் செட்டியார்கள் அல்ல, இந்த மண்ணில் நூற்றுக்கணக்கான வருஷங்களாக இருப்பவர்கள். சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய்ப் பேச்சு. இராமலிங்கம் பேசியதெல்லாம் மலாய்தான். சேதுராமனும் அவனிடம் மலாயில்தான் பேசுவார், இந்த ஊரில் அது யாருக்கு வராது? படிக்கிற உங்களுக்காக நான் தமிழில் சொல்கிறேன். 'அபாங்' என்று அவன் கூப்பிடுவதை மட்டும் மாற்றவில்லை. அண்ணன் என்று அர்த்தம். பெரிய அதிகாரிகளை 'துவான்' என்பதையும் விட்டுவைத்தேன், ஐயா என்று அர்த்தம்.

பொன்னுதுரை வீட்டுக்கே வந்து சமாதானம் சொன்னார். "உங்களுக்கு அனுபவம் இருக்கு, சேதுராமன். அவனுக்கு ஆள் பழக்கம் இருக்கு. அவன் டிக்கெட் பார்க்காத ஆளு இந்த ஊருல உண்டா? ரெண்டு பேரும் சேர்ந்தா மண்டபம் நிக்கும்."

'அனுபவத்தைக் கீழே வைத்துப் பழக்கத்தை மேலே வைத்தால் எப்படி ஐயா நிற்கும்?' என்று கேட்டிருக்க வேண்டும். சேதுராமன், "சரிங்க சார்," என்றார். கேட்க வேண்டியதையெல்லாம் பொன்னுதுரை போனபிறகு குளியலறைச் சுவரிடம் கேட்டார்.

அன்று பிடித்தது வயிற்றெரிச்சல். அதைப் பொறாமை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது, நியாயம் என்பார். நியாயம் இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நியாயம் கேட்பவன் எதிராளி தும்மினால்கூடக் குற்றம் கண்டுபிடிப்பானா? இராமலிங்கம் சிரித்தால் 'பல்லைக் காட்டியே பிழைக்கிறான்' என்பார். சிரிக்காவிட்டால் 'தலைக்கனம்' என்பார். மேனேஜர் அறையில் இருந்தது ஒரு சுழல் நாற்காலி. அவன் இல்லாத நேரத்தில் சேதுராமன் அதைத் துணியால் துடைப்பார். துடைத்துவிட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பார்ப்பார். ஒரு நாளும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது என்று அவருக்குத் தெரியும்.

மண்டபம் திறந்த முதல் வாரமே அவர் ஒரு கால அட்டவணை எழுதினார். கிளப்பில் கற்ற ஒழுங்கு. சீனர்களுக்குத் திங்களும் புதனும், மலாய்க்காரர்களுக்குச் செவ்வாய், தமிழர்களுக்கு வெள்ளி, செட்டிகளுக்குச் சனி. சண்டை வராது, சத்தம் வராது. இராமலிங்கம் அதை வாங்கி நிதானமாகப் படித்தான். "கையெழுத்து அழகா இருக்கு அபாங்," என்றான். மடித்து மேசை இழுப்பறையில் வைத்தான். மறுநாள் வாசலில் ஒரு நீளப் பலகையை ஆணியடித்தான். வருகிறவன் தன் மட்டையைப் பலகையில் வரிசையாக வைக்க வேண்டும். முதல் நாலு மட்டை யாருடையதோ அந்த நாலு பேர் ஓர் ஆட்டம். அவ்வளவுதான் சட்டம்.

"அடிச்சுக்குவானுங்க பாரு," என்றார் சேதுராமன். அடித்துக்கொள்ளத்தான் செய்தார்கள், ஒரு வாரம். அப்புறம் நகைப் பட்டறைச் சீனனும், தபாலாபீஸில் கணக்கெழுதும் மலாய்க் கிராணியும், துணிக்கடைத் தமிழனும், கம்போங் செட்டிப் பையனும் ஒரே தளத்தில் நின்று ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டு ஆடினார்கள். தீபாவளி வருவதற்குள் மட்டை வைக்கப் பலகை போதவில்லை. பொன்னுதுரை வந்து பார்த்துவிட்டு இராமலிங்கத்தின் முதுகில் தட்டினார். எட்ட நின்று வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த சேதுராமன் கயிற்றை இழுத்த இழுப்பில் கம்பமே சாய்ந்தது.

சரி, ஆட்களைச் சேர்க்க அவனுக்குத் தெரிகிறது. தொழில்? தொழில் என் கையில்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். இறகுப் பந்து புதிதாக இருக்கும்போது காய்ந்து கிடக்கும், நாலு அடியில் இறகு உடையும். முதல் நாளே பந்துக் குழாயின் மூடியைத் திறந்து, கொதிக்கிற கெட்டிலின் ஆவியில் சற்றுக் காட்டி மூடி வைத்தால் இரண்டு மடங்கு உழைக்கும். துரைமார் கிளப்பில் அவர் பழகியது. அதைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வார். இராமலிங்கம் ஒரு நாள் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து, கூச்சமே இல்லாமல், "எனக்கும் சொல்லிக் கொடுங்க அபாங்," என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லிக் கொடுத்தார். அடுத்த நாள் அவன் அதை மண்டபம் முழுக்கச் சொல்லியிருந்தான், "இது அபாங் சேது கண்டுபிடிச்சது" என்று. திருடியிருந்தாலாவது திட்டலாம். பெயரையும் சொல்லிவிட்டானே! எந்தப் பக்கம் கடிப்பது என்று தெரியாமல் சேதுராமன் மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை.

இதெல்லாம் போகட்டும். நவம்பரில் அவன் வியாழக்கிழமை மதியத்தைப் பெண்களுக்கென்று ஒதுக்கினான். முதல் வியாழன் எட்டுப் பெண்கள் வந்தார்கள். அதில் ஒருத்தி வடிவாம்பாள்.

"நீ எதுக்குடி அங்க?"

"ஏன், நான் இந்த ஊருப் பொம்பள இல்லையா? கேரம் ஆடப் போனேன். ஜெயிச்சேன்."

"யாரு கூப்பிட்டா?"

"அந்தத் தம்பிதான். பஸ்ஸுல டிக்கெட் பார்க்கிறப்பவே என்னைத் தெரியுமாம். 'அபாங் சேது சம்சாரம் வராம மண்டபம் எப்படி?'ன்னு சொல்லி அனுப்புச்சு. நல்ல புள்ளைங்க. உங்கள ரொம்ப மரியாதையா பேசுது." குழம்பை ஊற்றிக்கொண்டே அவள் சேர்த்துச் சொன்னாள், "நீங்க இருபத்துநாலு வருஷம் அந்தக் கிளப்புல இருந்தீங்க. ஒரு நாள் என்னை உள்ள கூட்டிட்டுப் போனதில்ல."

வெள்ளைக்காரன் கிளப்பில் சமையல்காரன் மகனுடைய பெண்டாட்டியை யார் உள்ளே விடுவார்கள் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் சொன்னாள். சேதுராமனுக்குச் சோறு இறங்கவில்லை. ஊரைத்தான் எடுத்துக்கொண்டான் என்று பார்த்தால், வீட்டுக்குள்ளும் வந்துவிட்டானே பாவி!

இப்படியே ஜனவரி வந்தது. அதிகாரி பதினாறாம் தேதி வருவதாக ஏற்பாடு. இராமலிங்கம் தரையை மெழுகித் தேய்க்க ஆள் வைத்தான், கோடுகளுக்குப் புதுச் சாயம் பூசினான். சேதுராமன் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தார். பதினாறு தாண்டிவிட்டால் சுழல் நாற்காலி அவனுக்கே சாசனம்.

பத்தாம் தேதி காலையில் பொன்னுதுரை கடைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். சேதுராமன்தான் போனார். கடையில் பொங்கல் கூட்டம். சேலை மடிப்புகளுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டி, "அதிகாரிக்குக் கோலாலம்பூர்ல வேலையாம். பதினாறு இல்ல, பதிமூணாம் தேதியே வர்றாரு. திங்கக்கிழம, சாயந்தரம் அஞ்சு மணி. இராமலிங்கத்துக்கிட்ட சொல்லிடுங்க, மறந்துடாதீங்க," என்றார் பொன்னுதுரை.

"சொல்லிடறேன் சார்."

சைக்கிளில் திரும்பி வரும்போது பாதி வழியில்தான் அவருக்கு உறைத்தது. பதிமூன்றாம் தேதி போகி. நமக்குப் போகி என்றால் வீட்டைக் கூட்டி, ஒட்டடை அடித்து, பழையதைத் தூக்கிப் போடுகிற நாள். பொன்னுதுரைக்கும் அவ்வளவுதான், அதனால்தான் அவருக்கு எதுவும் தோன்றவில்லை. செட்டிகளுக்கு அது அப்படியில்லை. வீட்டில் இறந்துபோன அத்தனை பேருக்கும் வாழையிலை போட்டு, அவரவர் உயிரோடு இருந்தபோது எதை விரும்பித் தின்றார்களோ அதைச் சமைத்துப் படைக்கிற நாள். அன்றைக்கு எந்தச் செட்டி வீட்டு ஆணும் வேலைக்குப் போகமாட்டான். இராமலிங்கம் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவைத்திருந்தான், "போகி அன்னிக்கு மட்டும் நீங்க பார்த்துக்குங்க அபாங்" என்று.

சேதுராமன் சைக்கிளை நிறுத்தினார். ஒரு காலை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அதிகாரி வருவார். மேனேஜர் இருக்கமாட்டான். உதவி மேனேஜர் வெள்ளைக் கால்சட்டையில் இருப்பார். அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்தால் போதும்.

மூன்று நாளும் அந்த வாக்கியம் தொண்டையிலேயே கிடந்தது. ஒரு தடவை இராமலிங்கமே, "என்ன அபாங், ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டான். "பந்து ரெண்டு குழாய்தான் இருக்கு," என்றார் சேதுராமன்.

போகி மதியம் மண்டபத்தைப் பார்க்க வேண்டுமே! தரை பளபளத்தது. வலைகள் அளவுகோல் வைத்த மாதிரி நின்றன. வெள்ளைக் கால்சட்டையில் மடிப்புக் கலையாமல் சேதுராமன் வாசலில் நின்றார். நாலே முக்காலுக்குத்தான் ஒன்று புரிந்தது. பலகையில் மட்டையே இல்லை. மண்டபத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கம்போங் செட்டிக்காரர்கள், அவர்கள் படையலில் இருந்தார்கள். தமிழர்கள் வீட்டில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார்கள். சீனர்களும் மலாய்க்காரர்களும் வேலை முடிந்து ஆறு மணிக்கு மேல்தான் வருவார்கள். மேனேஜர் இருக்கமாட்டான் என்று கணக்குப் போட்ட மனுஷன், ஆடுகிறவர்களும் இருக்கமாட்டார்கள் என்று யோசிக்கவில்லை. இரண்டு சீனக் கிழவர்கள் மட்டும் மூலையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தூங்கிவிட்டார்.

அதிகாரி சரியாக ஐந்துக்கு வந்தார். வெள்ளைக்காரத் துரை காலிசெய்த இடத்துக்கு வந்த மலாய்க்காரர், இளவயது, கையில் ஒரு சின்னக் குறிப்பேடு. கூட பொன்னுதுரை.

"சுத்தமாக இருக்கிறது," என்றார் அதிகாரி. சுற்றிப் பார்த்தார். "ஆனால் ஆட்கள் எங்கே? மேனேஜர் எங்கே?"

பொன்னுதுரை முகம் சிவந்து சேதுராமன் பக்கம் திரும்பினார். "எங்க அவன்? நீங்க சொல்லலையா?"

இதுவரை சொல்லாமல் இருந்தது மட்டும்தான். இப்போது வாயைத் திறந்து பொய் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். "அன்னிக்கே சொல்லிட்டேன் சார்."

அதிகாரி குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். அந்தப் பென்சில் சத்தம் சேதுராமனுக்கு நாதஸ்வரம் போலக் கேட்டது.

அப்போதுதான் வாசலில் காலடிச் சத்தம். இராமலிங்கம் நின்றான். கைலி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் மூன்றடுக்குத் தூக்கு. அவனுக்குப் பின்னால் படையல் முடித்த ஏழெட்டுப் பையன்கள் மட்டையோடு. அதிகாரி நிற்பதை அவன் கவனிக்கவில்லை. "அபாங், எங்க வீட்டுப் படையல் சீக்கிரமே முடிஞ்சது. நீங்க மதியம் சாப்பிட்டிருக்க மாட்டீங்கன்னு அம்மா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றான்.

"என்னப்பா இது?" என்று பொன்னுதுரை சீறினார். "இன்னிக்கு அதிகாரி வர்றாருன்னு சேதுராமன் உனக்குச் சொன்னாரா, இல்லையா?"

இராமலிங்கம் பொன்னுதுரையைப் பார்த்தான். அதிகாரியைப் பார்த்தான். வெள்ளைக் கால்சட்டையைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது சேதுராமனுக்குப் புரிந்தது. அவ்வளவுதான், மானம் போகப் போகிறது என்று அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"சொன்னாரு," என்றான் இராமலிங்கம். "நான்தான் மறந்துட்டேன். மன்னிச்சிடுங்க, துவான்."

அதிகாரி பென்சிலை நிறுத்தினார். "மேனேஜர் மறக்கலாமா?" என்றார். ஆனால் குரலில் கடுமை இல்லை. "பரவாயில்லை. சாக்குச் சொல்லாமல் ஒப்புக்கொள்கிற ஆளை இந்த வேலைக்கு வந்தபிறகு இப்போதுதான் பார்க்கிறேன்."

பொன்னுதுரையின் முகம்கூட இளகிவிட்டது. பையன்கள் தங்கள் மேனேஜரைப் பெருமையோடு பார்த்தார்கள்.

இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். சேதுராமன் பிழைத்துவிட்டார். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் மானமும் தப்பும், ஒருவேளை நாற்காலியும் கிடைக்கும். மறதிக்கார மேனேஜரை எந்த அதிகாரி நிரந்தரமாக்குவார்? ஆனால் அவருக்குள் மளமளவென்று ஏறியது நன்றியல்ல, வெட்கமும் அல்ல. அடப்பாவி, இதையும் நீயே எடுத்துக்கொண்டாயா! நாற்காலியை எடுத்தாய், ஊரை எடுத்தாய், என் பெண்டாட்டி வாயில் நல்ல பிள்ளை ஆனாய். இப்போது தப்பு செய்தது நான், நல்ல பேர் உனக்கா? ஆயுசு முழுக்க உன் தயவில் நின்றவன் என்று நான் நினைத்து நினைத்துச் சாக வேண்டுமா? முடியாது. செத்தாலும் முடியாது.

"பொய் சொல்றான் துவான்!" என்று கத்தினார் சேதுராமன். தூங்கிய கிழவர் திடுக்கிட்டு விழித்தார். "சுத்தப் பொய்! நான் இவனுக்குச் சொல்லவே இல்ல! பத்தாம் தேதியிலேருந்து வேணும்னே சொல்லல! இவன் யாரு என் தப்பைத் தூக்கிக்கிறதுக்கு?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் விரலை நீட்டி, எதிராளியைப் பொய்யன் என்று குற்றம் சாட்டிக் கெட்டது.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என் அலுவலகத்தில் செய்த தப்பையே யாரும் செய்தேன் என்று சொல்வதில்லை," என்றார் பொன்னுதுரையிடம். "இங்கே ஒருவன் செய்யாததைச் செய்தேன் என்கிறான், இன்னொருவன் செய்ததை விட்டுத்தர மாட்டேன் என்று சண்டைக்கு வருகிறான்." குறிப்பேட்டில் முதலில் எழுதியதை அடித்தார். பையன்கள் ஆடுவதை அரைமணி நேரம் நின்று பார்த்தார். இராமலிங்கத்துக்குக் கை கொடுத்தார். போகும்போது சேதுராமனிடம் பெயரையும் முன்பு பார்த்த வேலையையும் கேட்டு எழுதிக்கொண்டார். ஒழித்துக்கட்டத்தான் எழுதுகிறார் என்று சேதுராமன் நினைத்தார்.

எல்லாரும் போனபிறகு இராமலிங்கம் தூக்கைப் பிரித்து மேசையில் வைத்தான். "சாப்பிடுங்க அபாங், ஆறிடும்."

"ஏண்டா அப்படிச் சொன்ன?"

"உண்மையைச் சொன்னா நாளைக்கு உங்களை அனுப்பிடுவாங்க. நீங்க இல்லாம எனக்கு வலைகூட நேரா கட்டத் தெரியாது," என்றான் அவன். குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. "நாலு மாசமா என்கிட்ட முகம் கொடுத்துப் பேசினது கிடையாது நீங்க. அது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

காலையிலிருந்து பட்டினி. சாப்பிட்டார். கோழிக் குழம்பு அபாரமாக இருந்தது. அதுவும் அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

பொங்கல் விடிவதற்குள் கதை ஜாலான் பெண்டஹாரா முழுக்கப் பரவிவிட்டது. வேலை போனாலும் போகட்டும் என்று அதிகாரி முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்ன சேதுராமன்! கோயிலில் ஆட்கள் வழிவிட்டார்கள். பொன்னுதுரை திட்டத்தான் வந்தார், கடைசியில் கையைப் பிடித்துக்கொண்டார். வடிவாம்பாள் அவர் இலையில் இன்னொரு கரண்டி நெய் விட்டு, முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை அவர் கண்டதில்லை. தன் மனதுக்குள் நடந்ததைச் சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தார். நெய் வாசனை தடுத்துவிட்டது.

இராமலிங்கத்துக்கு வேலை நிரந்தரமானது. சேதுராமனை யாரும் நீக்கவில்லை. ஏப்ரல் கடைசியில் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. செமாபோக்கில் புதிதாக ஒரு மண்டபம் கட்டி முடிகிறது, அதற்குச் சேதுராமன் மேனேஜர். சாவியை நம்பிக் கொடுக்கக்கூடிய மனிதர் என்று அதிகாரியே எழுதியிருந்தார். சேதுராமன் கடிதத்தை மூன்று தடவை படித்தார். அங்கே பூப்பந்துத் தளம் எத்தனை என்று தேடினார். மூன்று என்றிருந்தது. காஜா பேராங்கில் இரண்டுதான். அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது.

அன்று சாயங்காலமே இராமலிங்கம் வீட்டுக்கு வந்தான். காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அபாங், ஒண்ணு சொல்லணும்," என்றான். "அன்னிக்கு நான் பொய் சொன்னேன். நீங்க உண்மையைச் சொன்னீங்க. உங்க இடத்துல நான் இருந்திருந்தா வாயைத் தொறந்திருக்க மாட்டேன். சத்தியமா மாட்டேன். வீட்டுக்குப் போய் அதையே நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன். உங்க மேல எனக்கு ஒரே பொறாமையா இருந்துச்சு. இன்னிக்கும் இருக்கு."

சேதுராமனுக்குக் காது அடைத்தது. இந்தப் பயல் தன்னிடமிருக்கும் எதையாவது, ஒரு சட்டையையாவது பார்த்துப் பொறாமைப்பட மாட்டானா என்று எத்தனை நாள் வெந்திருக்கிறார்! இதோ, வீடு தேடி வந்து சொல்கிறான். ஆனால் எதைப் பார்த்து? அவரிடம் இல்லவே இல்லாத ஒன்றைப் பார்த்து. அந்த நல்ல பேரை ஊரிடம் வாங்கிக்கொண்டார், பெண்டாட்டியிடம் வாங்கிக்கொண்டார், அப்போதெல்லாம் உறுத்தவில்லை. இவனிடம் வாங்க முடியவில்லை.

"தம்பி," என்றார். "அது நேர்மை இல்லப்பா. பொறாமை. நல்ல பேரையும் நீயே தட்டிக்கிட்டுப் போறியேன்னு வயிறு எரிஞ்சுச்சு. தாங்கல. அதான் கத்திட்டேன். வேற ஒண்ணுமே இல்ல."

இராமலிங்கம் அவரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

"உங்களுக்குத் தற்பெருமையே கிடையாது அபாங்," என்றான். "இதுக்கும் சேர்த்து நான் பொறாமைப்பட வேண்டியதுதான்."

"சத்தியமாடா," என்றார் சேதுராமன். அடுப்படியிலிருந்து வடிவாம்பாளும் சிரித்தாள்.